தகட்டுச் சாமி கண்ட பச்சை நஞ்சு

கொட்டாஞ்சேனையில் அந்த மாடிப்படியை வெள்ளிக்கிழமைக் காலைகளில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடிப்படியில் ஒரு சைக்கிள். அதற்கு மேல் ஒரு தையல் மெஷின். அதற்கும் மேல், இரண்டு பேர் மூச்சுவாங்கத் தாங்கிப் பிடித்த இரும்புக் கட்டில். கட்டிலுக்கு மேல் கதவு கழன்ற ஒரு பிரிஜ். எல்லாம் வரிசை. எல்லாவற்றிலும் துரு. சாமானோடு சாமானாக மனிதர்களும் நின்றார்கள்; அவர்களுடைய மூளையைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்லாமல் விடுவோம்.

பழைய இரும்பு எடுக்கும் கடையாக்கும் என்று நினைத்த ஒரு சிங்களக் கிழவர், கைவண்டியை நிறுத்திவிட்டு, "கிலோ எக கீயத?" என்று விலை கேட்டார். பக்தர்கள் பார்த்த பார்வையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியே போனார். பாவம், அந்தப் படியில் அன்று உருப்படியான கேள்வி கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

மாடியில் இருந்தவர் தகட்டுச் சாமி. பேய் ஓட்டுகிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் துரு ஓட்டுகிறவர். கதிர்காமக் காட்டில் பன்னிரண்டு வருடம் ஒற்றைக் காலில் நின்றாராம். மற்றக் கால் அவ்வளவு காலமும் என்ன செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய சாத்திரம் இரண்டே வரி: "சிவப்பாப் பிடிச்சால் கண்ணூறு. பச்சையாப் பிடிச்சால் செய்வினை." இரும்பு என்றால் சிவப்பாகத்தான் துருப்பிடிக்கும், செம்பும் பித்தளையும் என்றால் பச்சையாகத்தான் களிம்பு பிடிக்கும். விளக்கு மினுக்கிய எவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அதையே தாடி வைத்துக்கொண்டு சொன்னால் சாத்திரம் ஆகிவிடுகிறது.

வெள்ளவத்தையிலிருந்து ஜன்னல் கிரில்லையே முழுசாகக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அங்கே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். இருபத்துநாலு மணி நேரமும் உப்புக் காற்று. ஜன்னலைத் திறந்தால் உதட்டில் உப்புப் படியும். "காத்தே உப்புக் கரிக்குது" என்று சொன்ன அதே வாயால், "மூண்டாம் மாடிக்காரியின்ட கண்தான் சாமி, கிரில்லெல்லாம் துரு" என்றும் சொன்னார்கள். கிரில்லைக் கழற்றிக்கொண்டு வந்த அன்று ஒரு வீட்டில் கள்ளன் புகுந்துவிட்டான். அதற்கும் மூன்றாம் மாடிக்காரியின் கண்தான் காரணமாம். கிரில் இல்லாதது காரணமில்லையாம்.

சாமியின் மருந்து ஒன்றே ஒன்று. செப்புத் தகடு. சிகரெட் பெட்டி அளவில் வெட்டி, உள்ளே கட்டம் கீறி, மந்திரம் எழுதி, சுருட்டி, சிவப்பு நூலால் கட்டித் தருவார். கூடவே ஒரு கட்டளை: "பிரிச்சுப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கண் போயிரும்." கண் இருந்தும் அதைப் பாவிக்காதவர்களிடம் இதைச் சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் மனிதர் தொழிலில் கவனமானவர்.

அந்த வரிசையில், கட்டிலுக்கும் பிரிஜ்ஜுக்கும் நடுவில், துவாயில் சுற்றிய ஒரு பித்தளைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பழனியம்மா நின்றாள். அவளுக்கு ஒரு படி மேலே அவளுடைய முதலாளி சுந்தரலிங்கம், வேர்த்து வழிய நின்றார்.

சுந்தரலிங்கம் வடை சுட்ட எண்ணெயில் டீசல் காய்ச்சுகிறவர். சிரிக்காதீர்கள், உண்மைதான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. டீசல் விலை ஏறாத மாதமில்லை. கேட்டால் சண்டை என்பார்கள், உலகச் சந்தை என்பார்கள். சுந்தரலிங்கம் வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு, கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றில் தகரக் கொட்டகை போட்டார். சாப்பாட்டுக் கடைகளில் கழித்த எண்ணெயை வாங்கினார். கோஸ்டிக் சோடாவும் ஸ்பிரிட்டும் கலந்து சூடாக்கி, அடியில் இறங்கும் கசடை வடித்து, மேலே நிற்பதைத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்தால் டீசல். அவருடைய இரண்டு பள்ளிக்கூட வான்களும், வின்சன்ற் என்ற கொட்டாஞ்சேனைக்காரரின் லொறியும் அதில்தான் ஓடின. வான் போன தெருவெல்லாம் வடை மணத்தது. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அடையாள அட்டையைக் கேட்பதை மறந்து, "வடே சுவந்தக் எனவா நே!", வடை வாசம் வருகிறதே, என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வடையைத் தேடி வானைச் சோதித்தார்கள்.

பழனியம்மா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். நாற்பது வயது. எண்ணெயை வடிகட்டுவது, தண்ணீர் விட்டுக் கழுவுவது, பீப்பாய் தேய்ப்பது எல்லாம் அவள். தங்குவது கொட்டகையின் பின்னறையில். பொலிஸ் பதிவில் அந்த முகவரிதான். அவளுடைய கைப்பையில் சுந்தரலிங்கம் எழுதிக் கொடுத்த வேலைக் கடிதம் எப்போதும் இருக்கும். 'கொழும்பில் உனக்கென்ன வேலை?' என்று எந்தச் சந்தியில் எவன் கேட்டாலும் அதைத்தான் நீட்ட வேண்டும். அந்தக் கடிதம் போனால் அன்றைக்கே ஹட்டன் பஸ்தான். மகள் அங்கே விடுதியில் நின்று ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். அம்மா பஸ் ஏறினால் மகள் கொழுந்துக் கூடை எடுக்க வேண்டியதுதான். அந்தக் கடிதத்தை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சரி, குழாய்க்கு என்ன? இரண்டு மாதமாகக் கொட்டகையில் ஏதோ பீடை. பித்தளைக் குழாய் சொட்டத் தொடங்கியது. சொட்டியதும் பச்சையாகச் சொட்டியது. இரும்புப் பீப்பாயின் அடி ஊசி குத்தியது போலப் பொத்தல் பொத்தலாகப் போனது. புதுக் குழாய் பூட்டினால் அதுவும் பச்சை. கடைசியில் ஒருநாள் வானின் வடிகட்டி அடைத்து, வான் சரியாகச் சோதனைச் சாவடிக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்த நாளில் கொழும்பில் தமிழருடைய வான் வேறெங்கும் நிற்கலாம், அங்கே மட்டும் நிற்கக்கூடாது. சுந்தரலிங்கத்தை இறக்கி, இருக்கைகளைக் கழற்றி, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிவரை திறந்து பார்த்து, மூன்று மணி நேரம் கழித்து விட்டார்கள். வடை கிடைக்காத கோபம் வேறு அவர்களுக்கு.

மனிதர் அன்றைக்கே அரண்டு போனார். அரண்டவரை அயலார் கையைப் பிடித்து இந்தப் படியில் ஏற்றிவிட்டார்கள்.

சாமி குழாயை வாங்கி முகர்ந்தார். கண்ணை மூடினார். ஒரு விரலால் தொட்டு, விரலை எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார்.

"பச்சை" என்றார்.

"ஐயோ, பச்சை!" என்றது மேல்படி.

"பச்சையாம்!" என்றது அடிப்படி. சைக்கிள்காரர் தெருவுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டே வந்தார்.

"மகனே, உன்ட எண்ணெயில ஆரோ நஞ்சு இறக்கிட்டினம். லேசுப்பட்ட கையில்லை" என்றார் சாமி.

சுந்தரலிங்கம் இழுத்தார். "இல்லைச் சாமி, தண்ணி கிண்ணி தங்கி நிண்டு..."

"தண்ணியோ?" சாமி சிரித்தார். படி முழுதும் சிரித்தது. "தண்ணி இரும்பைத் தின்னுமோ? தண்ணிக்குப் பல்லிருக்கோ?"

அந்த வருடம் கொட்டாஞ்சேனையில் இதைவிடப் பெரிய விஞ்ஞானக் கேள்வி கேட்கப்படவில்லை. துருப்பிடித்த சைக்கிளோடு நின்றவர், மழையில் நனைய விட்ட சைக்கிள்தான் அது, "அதுதானே, பல்லில்லையே!" என்று தலையாட்டினார். பழனியம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முதலாளியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

முதல் வெள்ளி ஒரு தகடு. நூலில் கட்டி டீசல் பீப்பாய்க்குள் இறக்கினார்கள். ஏழாம் நாள் சாமி ஊர்வலமாக வந்தார். பின்னால் ஐம்பது பேர். சாமி நூலை இழுத்தார். தகடு பச்சைப் பசேலென்று, வழவழவென்று மேலே வந்தது. எண்ணெயும் பச்சை.

"பார்த்தியளோ, எவ்வளவு நஞ்சைக் குடிச்சிருக்கு!" என்றார் சாமி.

ஐம்பது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா அங்கேயே மயங்கினார். எழுப்பியதும், பச்சையைக் கிட்ட நின்று பார்க்கவில்லையே என்று அழுதார்.

நஞ்சு மிச்சம் இருக்கிறதாம். இரண்டாம் வெள்ளி மூன்று தகடு. மூன்றாம் வெள்ளி ஒன்பது. தகடு கூடக் கூட எண்ணெய் இன்னும் பச்சையானது, பிசின் மாதிரித் தடித்தது. வின்சன்றின் லொறியும் படுத்தது. மருந்து கொடுக்கக் கொடுக்க நோய் கூடினால் சாதாரண வைத்தியனை உதைப்பார்கள். சாமி என்றால் வைத்தியனும் அவரே, நோய்க்குச் சாட்சியும் அவரே.

பழனியம்மா ஒருநாள் வாயை விட்டாள். "அய்யா, கழுவுன எண்ணெய ஒடனே பீப்பாயில ஊத்திடறோங்க. தண்ணி அடியில நிக்குது. ரெண்டு நாள் சும்மா வச்சு, தண்ணிய வடிச்சுட்டு ஊத்துனா என்னாங்க?"

"ரெண்டு நாள் வைச்சால் வான் எதில ஓடுறது? உமக்கு எண்ணெயைப் பற்றி என்ன தெரியும்? சும்மா கதைக்காதையும்."

எட்டு மாதமாகக் கை நனைய எண்ணெய் கழுவுகிறவளுக்கு எண்ணெயைப் பற்றித் தெரியாது. ஒற்றைக் காலில் நின்றவருக்குத் தெரியும்.

நாலாம் வெள்ளி சாமி இருபத்தேழு தகடு கொண்டுவந்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு. இதோடு நாற்பது தகடு, இன்னும் நஞ்சு தீரவில்லையா? வின்சன்ற் வாய்விட்டே கேட்டார்: "சாமி, என்ர லொறி எப்ப ஓடும்?" சாமிக்கு இப்போது ஓர் ஆள் தேவைப்பட்டது. கண்ணை மூடி ஆடினார். ஆடிக்கொண்டே ஓரக்கண்ணால் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். முழங்கைவரை ஈரத்தோடு நின்ற பழனியம்மாவில் அந்தக் கண் வந்து நின்றது.

"ஈரக் கை!" என்று கத்தினார். "மலையில இருந்து வந்த ஈரக் கை! அந்தக் கை தொடத் தொட நஞ்சு ஊறும். அடுத்த வெள்ளி பூசை. அதோட அந்தக் கை இந்த வாசலைத் தாண்டோணும். நான் தந்த தகட்டை இந்தக் கூரைக்குக் கீழே எங்க வைச்சாலும் அது நஞ்சைக் குடிக்கும், கை போனால்தான் நிற்கும்."

ஐம்பது தலைகளும் திரும்பின. நேற்றுவரை அவளிடம் பிளேன்டீ வாங்கிக் குடித்த தலைகள்தான். பழனியம்மா கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்ததையும் குற்றமாகப் பார்த்தார்கள்.

எல்லாரும் போனபின் சுந்தரலிங்கம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நான் என்ன செய்யிறது, பழனியம்மா. சனம் கதைக்குது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிய நீர் வெளிக்கிடும். அந்தக் கடிதத்தையும் தந்திட்டுப் போம்."

நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் இப்படித்தான், யோசிக்கிற வேலையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

மறுநாள் காலை பழனியம்மா அழுதாள். அழுதுகொண்டே வேலையும் பார்த்தாள். கொட்டகையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பித்தளை விளக்கு. பழைய எண்ணெய் தங்கி, திரி போடும் குழியெல்லாம் பச்சைக் களிம்பு. எப்போதும் போலப் புளியைப் போட்டுத் தேய்த்தாள். கை நடுவில் நின்றது. களிம்பைப் பார்த்தாள். பீப்பாயைப் பார்த்தாள். மறுபடி களிம்பைப் பார்த்தாள்.

"இதுவும் அதே பச்சதானே" என்றாள் வாய்விட்டு. "அப்பன்னா பிள்ளையாருக்குச் செய்வினை வச்சது யாரு?"

அழுகை நின்றுவிட்டது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள்.

கடை ஜவாஹிறாவுடையது. மாளிகாவத்தையிலிருந்து தினமும் வந்து வடையும் ரோல்ஸும் பொரிக்கிறவள். சுந்தரலிங்கத்துக்குக் கழிவெண்ணெய் கொடுப்பவளும் அவளே.

"என்ன புள்ள, மொகமெல்லாம் வீங்கி ஈக்கி?" என்றாள் ஜவாஹிறா.

பழனியம்மா சொன்னாள். ஜவாஹிறா எண்ணெய்க் கரண்டியை ஓங்கினாள். "அவன்ட தாடிய இந்த எண்ணெயில பொரிக்கோணும்!"

"தாடி வேணாம்க்கா. ஒரு செப்புத் தகடு வேணும். அந்தாளு குடுக்கிற அதே அளவுல."

ஜவாஹிறா அன்று மத்தியானமே இரும்புக் கடையில் தகடு வாங்கிக்கொண்டு சிரித்துச் சிரித்து வந்தாள். "புள்ள, கடக்காரர் சொல்றார், இதே அளவுல ஒரு ஆள் கட்டுக்கட்டா வாங்கிட்டுப் போறாராம். பேரு காளியப்பனாம். முந்தி கிராண்ட்பாஸ்ல ரேடியேட்டர் ஒட்டினவராம். தாடி இப்பத்தானாம்!"

பழனியம்மா தகட்டை மேசையில் வைத்து ஆணியால் கட்டம் கீறினாள். கட்டத்துக்குள் என்ன எழுதுவது? மந்திரம் தெரியாது. சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தாள். எழுதினாள்: உளுந்துவடை. ரோல்ஸ். கட்லட். பிளேன்டீ.

"இஞ்சி பிளேன்டீ எண்டு போடு. நம்மட கடைல அதுதான் பேமஸ்" என்றாள் ஜவாஹிறா. 'இஞ்சி' ஏறியது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தகட்டைச் சுருட்டிச் சிவப்பு நூல் கட்டினார்கள்.

அந்தச் சுருளை ஒரு ஜாம் போத்தலில், ஜவாஹிறாவின் நாள்பட்ட வடை எண்ணெயில், இரண்டு கரண்டி தண்ணீரோடு போட்டார்கள். வெயில் விழும் ஜன்னலில், சாப்பாட்டுக் கடையிலேயே வைத்தார்கள். சாமி சொன்ன கூரை இல்லை, சாமி தொட்ட எண்ணெய் இல்லை, மந்திரம் இல்லை. பக்கத்தில் இன்னொரு போத்தல்: அதே எண்ணெய், அதே தண்ணீர், தகடு மட்டும் இல்லை.

சாமி தந்த இருபத்தேழில் இருபத்தாறைத்தான் பழனியம்மா பீப்பாய்க்குள் இறக்கியிருந்தாள். நூல் அறுந்த ஒன்று வெளியே கிடந்தது. அதை எடுத்து நூலைச் சரியாகக் கட்டி, பெற்றோல் ஷெட்டில் வாங்கிய நல்ல டீசல் நிறைந்த மூன்றாம் போத்தலில் போட்டு, கொட்டகைக்குள், பீப்பாயின் தலைமாட்டிலேயே வைத்தாள். சாமியே சொல்லியிருக்கிறாரே, கூரைக்குக் கீழே எங்கே வைத்தாலும் குடிக்கும் என்று. குடிக்கட்டும்.

ஆறு நாளும் அவளுக்குப் பயம்தான். போத்தலைப் பார்க்க ஜவாஹிறாவின் கடைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடினாள். கைப்பையில் கடிதம் இருக்கிறதா என்றும் பத்துத் தடவை தடவிப் பார்த்தாள். ஒன்றும் நடக்காவிட்டால்? மகளுக்கு என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை கொட்டகை கொள்ளவில்லை. ஒரு பெண் போக வேண்டிய பூசை அல்லவா, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். தகரக் கூரைமேல்கூட ஆள். சாமி இருபத்தாறு தகட்டையும் இழுத்தார். எண்ணிப் பார்க்கவில்லை. பச்சைக் கொத்தாக வந்தது. "அரோகரா!" என்று கூரை அதிர்ந்தது.

"இனி அந்தக் கை வெளியே போகட்டும்" என்றார் சாமி.

பழனியம்மா முன்னால் வந்தாள். "போறேனுங்க சாமி. போறதுக்கு முன்னால ஒரே ஒரு சந்தேகங்க." ஒரு வாழையிலைத் துண்டில் இரண்டு சுருளை வைத்தாள். ஒன்று வடித்தெடுத்த பச்சை. மற்றது புதுச் செப்புக் காசுபோலச் சிவந்து மினுங்கியது. "ரெண்டுல ஒண்ணு நீங்க மந்திரிச்சது. மத்தது நா சுருட்டுனது. எதுங்க சக்தி உள்ளது?"

சாமி சிரித்தார். "பால்குடிப் பிள்ளையிட்டக் கேட்டாலும் சொல்லும்!" பச்சையை எடுத்து நெற்றியில் வைத்தார். உடம்பு உதறியது. தாடி உதறியது. "ஆஹா! இதுதான் என்ர தகடு! கரண்ட் மாதிரி அடிக்குது! ஆயிரம் வோல்ட்!" சிவப்பை ஒரு விரலால் தள்ளினார். "இது செத்த தகடு. இவள் கடையில வாங்கிச் சுருட்டினது. இதில ஒரு மண்ணும் இல்லை."

"சரியாப் பாத்துச் சொல்லுங்க சாமி."

"பார்க்க என்ன இருக்கு? என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதோ!"

"அப்ப பிரிச்சுப் பாப்பமுங்க" என்று பழனியம்மா சிவப்புச் சுருளின் நூலை அவிழ்த்தாள்.

"பிரிக்காதை! கண் போயிரும்!"

அவ்வளவுதான். இருநூறு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைப் பொத்தினார்கள். கூரைமேல் நின்றவர்கள் கண்ணைப் பொத்தப் போய்ப் பிடி தவறி ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். சுந்தரலிங்கம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். கொட்டகைக்குள் கண் திறந்திருந்தது மூன்று பேருக்கு: பழனியம்மா, ஜவாஹிறா, சாமி. கண் போகும் என்று சொன்ன சாமி கண்ணை மூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"எனக்கு நல்லாத் தெரியுதுங்க" என்றாள் பழனியம்மா. "எல்லாரும் தொறங்க."

வின்சன்ற்தான் முதலில் துணிந்தார். "ஒண்டு போனாலும் மற்றது மிஞ்சும்" என்று ஒற்றைக் கண்ணைத் திறந்தார். போகவில்லை. மற்றதையும் திறந்தார். பழனியம்மா தகட்டை அவரிடம் நீட்டினாள். அவர் சத்தமாக வாசித்தார்: "ஓம் றீம் நசி நசி... தகட்டுச் சாமி துணை."

எல்லாரும் தகட்டைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்கள்.

"உங்க கையெழுத்துத்தானுங்களே சாமி? செத்த தகடுன்னீங்க. ஆறு நாளா இதே பீப்பாய்க்குப் பக்கத்துல, ஷெட்டு டீசல்ல கெடந்துச்சு. ஒரு சொட்டு நஞ்சும் குடிக்கல." பிறகு பச்சையைச் சாமியின் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள். ஒரு உருண்டைப் புளி எடுத்துத் தேய்த்துக் கழுவினாள். வின்சன்றிடம் கொடுத்தாள்.

வின்சன்ற் வாசிக்கத் தொடங்கி நிறுத்தினார். கண்ணைக் கசக்கினார். "உளுந்துவடை" என்றார். "ரோல்ஸ். கட்லட். இஞ்சி பிளேன்டீ."

"ஆயிரம் வோல்ட்!" என்று ஜவாஹிறா கத்தினாள். "நம்மட கடைல ஜன்னல்ல காஞ்ச தகடு அது! சாமி, கட்லட் கரண்ட் அடிச்சிச்சா, ரோல்ஸ் அடிச்சிச்சா?"

கூட்டம் வெடித்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, சோதனைச் சாவடிவரை கேட்டிருக்கும். சாமி மட்டும் லேசில் விடுகிற ஆளில்லை. கையைத் தூக்கினார். "அன்னமும் தெய்வம்தான்! சோற்றுக்கும் சக்தி இருக்கு!" நம்புங்கள், முன்வரிசையில் நாலு பேர் அதற்கும் தலையாட்டினார்கள்.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது" என்றார் வின்சன்ற். "வடையிலயே அவ்வளவு சக்தி எண்டால் ஜவாஹிறாட்டப் போய்த் தின்னுவம். உமக்கென்னத்துக்கு ஐசே காணிக்கை?" ஜவாஹிறா அவர் காதுக்குள் இரும்புக் கடைக் கதையைச் சொன்னாள். "அது சரி, காளியப்பன், ரேடியேட்டர் ஒட்டுற வேலையை ஏன் விட்டனீர்?"

பேரைக் கேட்டதும் சாமிக்குக் கதிர்காமம் ஞாபகம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் ஒற்றைக் காலில் நின்றவர் அன்று இரண்டு காலாலும் ஓடினார். நல்ல ஓட்டம். ஒழுங்கை முனையில் ஒரு முச்சக்கர வண்டியை மறித்து ஏறியதைத்தான் கடைசியாகப் பார்த்தார்கள்.

பழனியம்மா பீப்பாயின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் எண்ணெய் பிடித்தாள். வெளிச்சத்தில் வைத்தாள். மேலே எண்ணெய், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். "பாருங்கய்யா. இதுக்குத்தான் பல்லு. அடியில நின்னு இரும்ப ஓட்ட போடுது. நாளான எண்ணெயில புளிப்பு. அந்தப் புளிப்புத்தான் பித்தளையையும் செம்பையும் பச்சையாக்குது, நம்ம வெளக்குல வாறாப்புல. செம்பப் போட்டதுல எண்ணெய் இன்னும் வெரசாக் கெட்டுப் பிசினாப் போச்சு." ஜன்னலில் இருந்த இரண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்தாள். தகடு கிடந்த எண்ணெய் பச்சையாக, பிசுபிசுவென்று. தகடு போடாதது போட்டபடியே. "நாப்பது தகடுங்கய்யா. நஞ்ச எடுக்கல, நஞ்சே அதுதான்."

சுந்தரலிங்கம் மூன்று போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிறுத்துப் போனது. "நீர் அண்டைக்கே தண்ணியெண்டு சொன்னனீர். நான்தான் விசரன் மாதிரி..." என்றவர் கைகூப்பினார். "நீர் போகவேண்டாம், பழனியம்மா."

"கும்பிடாதீங்கய்யா. ரெண்டு நாள் வச்சு வடிக்கணும். பித்தளைக் குழாய் வேணாம், எவர்சில்வர் குழாய் வாங்குங்க. அப்புறம் எனக்குக் கடிதம் புதுசா எழுதுங்க. 'கைவேலை'ன்னு போட்டிருக்கீங்க. 'எண்ணெய் பதம் பாக்கிறவர்'னு போடுங்க." 

சுந்தரலிங்கம் அங்கேயே, பீப்பாயின் மூடியில் தாளை வைத்து எழுதினார். பழனியம்மா அதை இரண்டு தடவை வாசித்தாள். உறையில் போட்டுப் பைக்குள் வைத்தபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. மகளுக்கு இன்றைக்கே போன் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

நிமிர்ந்து பார்த்தால் கூட்டம் கலையவில்லை. இன்னும் கிட்ட வந்திருந்தது. வெள்ளவத்தையிலிருந்து ஜன்னல் கிரில்லோடு வந்த அம்மா, கிரில்லைக் கீழே போட்டுவிட்டுத் தடாலென்று பழனியம்மாவின் காலில் விழுந்தார். அவருக்குப் பின்னால் சைக்கிள்காரர் விழுந்தார். கட்டில்காரர்கள் விழ இடம் தேடினார்கள்.

"தாயே!" என்றார் அந்த அம்மா. "உங்களுக்கு எப்ப இருந்து அருள் வரத் தொடங்கினது?"

பழனியம்மா துள்ளி விலகினாள். அந்த அம்மாவைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"எனக்கு அருளெல்லாம் வராதுங்கம்மா. யோசன மட்டுந்தான் வரும்" என்றாள். "உங்களுக்கும் வரும். கொஞ்சம் வரவிட்டுப் பாருங்க."